மோசமான நாளுக்கான பக்கம்

நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன மாதம் போன் வந்தது. பழைய கருவிகளை எல்லாம் மாற்றப் போகிறார்களாம். எண்களைச் சுருக்கி அனுப்ப நான் எழுதிவைத்த முறையை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். "மேடம், அந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீங்க, அப்புறம் ஏன் பாதியில மாத்துனீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன். ஃபைல்ல காரணமே இல்ல" என்றாள் ஒருத்தி.

ஃபைலில் காரணம் இல்லாததற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இது அதுதான். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

என் பெயர் எஸ்தர். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டில் ஜெபமும் வாய்ப்பாடும் ஒரே சத்தத்தில் நடக்கும். கல்லூரி முடித்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு ஆறு வருஷம் பாடம் எடுத்து அலுத்துப்போய், பழங்காநத்தத்தில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தம் ஏழு பேர். கண்மாய், ஓடை, கிணறு என்று தண்ணீர் இருக்கும் இடங்களில் பெட்டி வைத்து, உயரத்தை அளந்து, எஸ்எம்எஸ்ஸாக மதுரைக்கு அனுப்பும் கருவிகள் செய்தோம். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் என் பொறுப்பு.

எனக்கு மேலே சாந்தாராம் சார். சௌராஷ்டிரர். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் இரண்டே வார்த்தை பேசி வைத்துவிடுவார். கணக்குப் போடும்போதும் உதடு அந்த பாஷையில்தான் அசையும். என்ன சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியாது. உதடு நின்றுவிட்டால் மட்டும் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம்.

அவர் புரோகிராமைத் திரையில் படிக்க மாட்டார். அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கூராகச் சீவிய பென்சிலோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார். தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, தாளை நம் மேஜையில் வைத்துவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாம் தப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டாலும் திட்ட மாட்டார். மறுபடியும் டீ குடிக்கப் போவார். ஒரு நாள் எனக்காக நாலு டீ குடித்தார்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஃபைல் உண்டு. அதன் கடைசிப் பக்கத்தின் தலைப்பை அவரே கையால் எழுதுவார்: மோசமான நாள். மிக மோசமான நாளில் செய்தி எத்தனை பைட் வரும், பேட்டரி எவ்வளவு இறங்கும், செய்தி வர எவ்வளவு தாமதமாகும். புரோகிராம் எழுதியவர் இந்த மூன்றையும் நிரப்ப வேண்டும். அவர் பென்சிலால் தானே ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பேனாவைத் திறப்பார். "நல்ல நாளுக்கு நம்ம எதுக்கும்மா? நல்ல நாள்ல பெட்டியே வேண்டாம்" என்பார்.

இனி எண்களின் கதை. ஒரு எஸ்எம்எஸ்ஸில் நூற்று நாற்பது பைட்தான் கொள்ளும். பைட் என்பதை ஒரு ஆள் உட்காரும் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சீட் தேவைப்படும். இதில் இரண்டு வழி இருக்கிறது. எண் சின்னதோ பெரிதோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சீட் ஒதுக்கிவிடுவது ஒரு வழி. இடம் வீணாகும், ஆனால் யார் எங்கே இருப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்னொரு வழி, எண் சின்னதாக இருந்தால் ஒரு சீட், பெரிதாக இருந்தால் இரண்டு, மூன்று. ஒரு பைட்டில் எட்டு இடம் இருக்கிறது. ஏழில் எண்ணை வைத்துவிட்டு, எட்டாவதில் 'இத்தோடு முடிந்தது' அல்லது 'அடுத்த பைட்டிலும் இருக்கிறது' என்று ஒரு குறி. எழுதுவது எளிது, அழகானதும்கூட. எனக்கு அந்த அழகில் ஒரு மயக்கம் இருந்தது.

சேர்ந்த புதிதிலேயே அந்த மயக்கம் ஒரு முறை தலையில் குட்டியது. தண்ணீரின் உயரத்தை அப்படியே அனுப்பாமல், போன நிமிஷத்துக்கும் இந்த நிமிஷத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் எண் சின்னதாகும் அல்லவா? அப்படித்தான் எழுதினேன். ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஒரு பைட். ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஐந்து பைட்! கழித்தல் ஒன்றை கம்ப்யூட்டர் உள்ளுக்குள் எழுதிவைக்கும் விதம் அப்படி, மிகப் பெரிய எண் போலத் தெரியும். தண்ணீர் வற்ற வற்ற செய்தி ஊதிப்போய், ஒரே வாரத்தில் பேட்டரி செத்தது. சார் புள்ளி வைத்தார், டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, நான் முழிப்பதைப் பார்த்து, தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். பூஜ்யத்துக்கு பூஜ்யம், கழித்தல் ஒன்றுக்கு ஒன்று, கூட்டல் ஒன்றுக்கு இரண்டு, கழித்தல் இரண்டுக்கு மூன்று. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி, ஜடை பின்னுவது மாதிரி. இப்போது ஒரு பைட்டில் அறுபத்து மூன்று மில்லிமீட்டர் ஏற்றம் வரைக்கும் அடங்கும். அதற்கு மேல் போனால் இரண்டு பைட்.

அந்த அறுபத்து மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தேன்.

அதன்பின் பத்து வருஷத்தில் எத்தனையோ பெட்டிகள். சாரின் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. அப்போதுதான் நெடுஞ்சாலைத் துறையிலிருந்து, பேரையூருக்கு மேற்கே ஒரு தரைப்பாலத்துக்கான வேலை வந்தது. மலையடிவாரத்திலிருந்து வரும் ஓடை ரோட்டைக் குறுக்கே கடக்கிற இடம் அது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். ஆனால் மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பாலத்தில் ஒரு சாலைப் பணியாளர் இருப்பார். தண்ணீர் வருவது தெரிந்தால் ரோட்டுக்குக் குறுக்கே சங்கிலி போட வேண்டியது அவர் வேலை.

பாலத்துக்கு ஒரு மைல் மேலே ஓடையில் எங்கள் பெட்டி. நிமிஷத்துக்கு ஒரு முறை நாலு எண்களைக் குறித்துக்கொள்ளும். ஒன்றில் குப்பை அடைத்தாலும் இன்னொன்று சொல்லட்டும் என்று வைத்த இரண்டு உயரமானிகள், மழை, பேட்டரி. அரை மணிக்கு ஒரு செய்தி. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அரை மணி காத்திருக்காமல் உடனே, கடைசி முப்பது நிமிஷ எண்களோடு ஒரு செய்தி, தண்ணீர் இறங்கும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒன்று. மதுரையில் எங்கள் சர்வர் அதைப் பிரித்துப் படித்து, பாலத்துக்காரரின் போனுக்கு மணி அடிக்கும். மணி அடித்தால் சங்கிலி.

சார் பழைய வழியைத்தான் விரும்பினார். எண்ணுக்கு இரண்டு பைட், மாறவே மாறாது, இரண்டு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிடலாம் என்றார். நான் மறுத்துப் பேசினேன். இரண்டில் ஒன்று வராமல் போனால்? முன்னது பின்னது ஆகிவிட்டால்? பேட்டரியைத் தின்பதே செய்தி அனுப்பும் நேரம்தானே? நான் சொன்னது எதுவும் முட்டாள்தனம் இல்லை. இன்றும் அதே வாதத்தைச் செய்வேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா. மோசமான நாள் பக்கத்தைப் போட்டுக் கொண்டா" என்றார்.

அந்த ஓடையில் ஒரு பெட்டியை ஒரு வருஷமாகச் சோதனைக்கு வைத்திருந்தோம். அது அனுப்பிய அத்தனை எண்களையும் எடுத்து என் முறையில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணும் ஒரே பைட்டில் சமர்த்தாக உட்கார்ந்தது. முப்பது நிமிஷம், நாலு எண், நூற்று இருபது. தலைப்புக்கும், செய்தி முழுசாக வந்ததா என்று பார்க்கக் கடைசியில் வைக்கும் சரிபார்ப்பு எண்ணுக்கும் பன்னிரண்டு. மொத்தம் நூற்று முப்பத்திரண்டு. 'எட்டு பைட் மிச்சம்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.

அந்த வருஷம் பேரையூர்ப் பக்கம் மழையே இல்லை. ஓடையில் ஆடு மேய்ந்தது. தண்ணீர் ஓடாத ஓடையின் எண்களை வைத்து வெள்ளத்துக்கு அளவெடுத்திருக்கிறேன். அது எனக்கு உறைக்கவே இல்லை. அறுபத்து மூன்றுக்கு மேல் ஏறினால் உயரம் இரண்டு பைட் ஆகும் என்பதை வைத்து ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். அப்பாவின் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டிருக்கும்.

சார் பக்கத்தை வாங்கினார். பென்சிலை எடுத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து வருஷம் உழைத்தவள் நான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே அல்வா வாங்கிக்கொண்டேன்.

பெட்டி வைக்கப் போன அன்றுதான் முத்தையா அண்ணனைப் பார்த்தேன். சங்கிலிக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், காக்கிச் சட்டையைத் துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் கோடு போட்ட கல் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் மணிக்கொரு தரம் ஓடையில் இறங்கி, கொஞ்சம் மேலே நடந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம்.

"இனிமே இறங்க வேணாம்ணே. போன் மணி அடிக்கும். அடிச்சா சங்கிலியப் போடுங்க. அம்புட்டுத்தான்" என்றேன்.

"அடிக்கலேன்னா தாயி?"

"அடிக்காம இருக்காதுண்ணே."

"படிச்சவுக சொன்னாச் சரித்தேன்" என்று சிரித்தார். என் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷமும் மழை இல்லை. பெட்டி அரை மணிக்கு ஒரு தரம் பூஜ்யம் பூஜ்யமாக அனுப்பியது. துறைக்காரர்கள் எங்களைப் பாராட்டினார்கள்.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம், மூன்று மணியிருக்கும். பழங்காநத்தத்தில் சுள்ளென்று வெயில். திரையில் அந்த ஓடைக்கு நேராகக் கணுக்கால் அளவு தண்ணீர் என்று காட்டியது. நான் வேறு வேலையாக இருந்தேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது.

"தாயி, தண்ணி வந்துருச்சு தாயி! போனு அடிக்கவே இல்ல. ஒரு பொம்பளப்பிள்ள போயிருச்சு தாயி..."

பின்னாலிருந்து தண்ணீரின் இரைச்சல் கேட்டது. பெட்டி வைத்த பிறகு அந்த ஓடையின் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

பாண்டியம்மாள் என்று பேர். பேரையூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் புருஷனோடு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தாள். வண்டி பாலத்தின் நடுவில் இருக்கும்போது தண்ணீர் வந்தது. புருஷன் ஓரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டான். அவளை மறுநாள் கீழே கருவேலங்காட்டில் கண்டெடுத்தார்கள்.

முத்தையாவை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீஸிலும் துறையிலும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "முழிச்சுத்தேன் இருந்தேன். போனு அடிக்கல."

நான் மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். சர்வரின் பதிவேட்டில் சாம்பல் நிறத்தில் நாலு வரி: செய்தி பழுது, ஒதுக்கப்பட்டது. மூலச் செய்தியை எடுத்து பைட் பைட்டாகப் பிரித்தேன். கடைசி ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் நிமிஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ஐந்து நிமிஷம், இரண்டு உயரமானி, பத்து பைட் கூடுதல். நூற்று நாற்பத்திரண்டு. எஸ்எம்எஸ்ஸில் கொள்வது நூற்று நாற்பது. ஓரத்தில் வெட்டுப்பட்ட இரண்டு பைட், நான் கடைசியில் வைத்த சரிபார்ப்பு எண். அது இல்லாததால் சர்வர் மொத்தச் செய்தியையும் குப்பை என்று தள்ளிவிட்டது. அடுத்து வந்தது இன்னும் பெரிது, அதையும் தள்ளியது. முகூர்த்த நாளில் மட்டும் பஸ் நிரம்பி, நிற்காமல் போவது மாதிரி. ஓடையில் ஒன்றும் நடக்காத இரண்டு வருஷம் என் முறை அருமையாக வேலை செய்தது. நடந்த அன்றைக்கு மட்டும் செய்யவில்லை.

சாரிடம் காட்டினேன். அவர் ஃபைலை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் அந்தப் பெருக்கலைப் போட்டார். உதடு அசைந்தது, நின்றது. முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இத நான் அன்னைக்கே போட்டிருக்கணும்" என்றார். என் கணக்கு தப்பு என்று அப்போதும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே தமிழில், தன் கையெழுத்தில், இரண்டு பக்கம் எழுதினார். செய்தி ஏன் வெட்டுப்பட்டது, மணி ஏன் அடிக்கவில்லை, பாலத்துக்காரர் மேல் இதில் குற்றமே இல்லை. எந்த ஆபீசரும் படித்தால் புரிகிற தமிழ். கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் எனக்கும் ஒரு கோடு போட்டு வைத்தார். "உன்னைப் போடச் சொல்ல மாட்டேன். ஆனா கணக்குப் போட்டது நீ. நீ போட்டாத்தான் நம்புவாங்க" என்றார்.

ஒரு நாள் டைம் கேட்டேன். முதலாளி காதுக்கு விஷயம் போய்விட்டது. மறுநாள் துறை விசாரணைக்குச் சாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னை மட்டும் கூப்பிட்டார். "கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துருங்கம்மா. அம்புட்டுப் பெட்டியும் நம்மளோடது. ஏழு குடும்பம் இருக்கு" என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

விசாரணை ஆபீசர் நல்ல மனிதர்தான். களைத்துப் போயிருந்தார். முன்னால் ஒரு அடுக்குத் தாள்.

"உங்க சர்வருக்கு அன்னைக்கு மத்தியானம் மெசேஜ் வந்துச்சா, இல்லையா?"

"வந்தது சார். ஆனா..."

"எத்தன வந்துச்சு?"

"நாலு."

"மூணேகாலுக்கும் நாலு மணிக்கும் நடுவுல நாலு மெசேஜ் வந்திருக்கு. அப்படித்தானம்மா?"

"ஆமா சார்."

எழுதிக்கொண்டார். 'ஆனா'வுக்குப் பிறகு நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் மடியில் கைப்பை இருந்தது. கைப்பைக்குள் அந்த இரண்டு பக்கம் இருந்தது. என் கோட்டில் கையெழுத்து இல்லை. ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை என்று பின்னாளில் எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பொய் தேவையில்லை, பேசாமல் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று அவர் கேட்டார். அவர் கேட்கத்தான் செய்தார். இதை நான் மறைக்க மாட்டேன். "இல்ல சார்" என்றேன்.

வெளியே வராந்தா பெஞ்சில் முத்தையா உட்கார்ந்திருந்தார். அதே துவைத்த காக்கிச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "சொல்லிட்டீகளா தாயி?"

"சொல்லிட்டேன்ணே."

கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆபீசுக்குத் திரும்பினால் மாடிப்படியில் சார் நின்றுகொண்டிருந்தார். "குடுத்துட்டியாம்மா?" "குடுத்துட்டேன் சார்." எல்லோருடைய கணக்கையும் தானே ஒரு முறை போட்டுப் பார்க்கும் மனிதர், இதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஓசையில்லாமல் புரோகிராமை மாற்றினேன். செய்தி நிறைந்தால் இரண்டாவதாகப் போகட்டும், சரிபார்ப்பு எண் முன்னால் வரட்டும் என்று. இதுதான் இப்போது கம்பெனிப் பிள்ளைகள் போனில் கேட்ட 'பாதியில் மாற்றிய காரணம்'. மோசமான நாள் பக்கத்தை ஃபைலிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டேன். ஆறு மாதத்தில் முத்தையாவை வேலையை விட்டு எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சார் ஓய்வு பெற்ற பிறகு பழங்காநத்தத்திலேயே இருந்தார். ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்தபோது, "அந்த ரிப்போர்ட்டுக்குப் பதில் எதும் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல சார்" என்றேன். "கவர்மெண்ட்டு மெதுவாத்தான் வரும்" என்று என்னைத் தேற்றினார். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக முடியாமல் வெகுநேரம் நின்றேன்.

கத்தோலிக்கச் சிநேகிதிகளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சாமியார் முன்னால் முழங்கால் போட ஒரு இடம் இருக்கிறது. எங்கள் சபையில் நேரே கர்த்தரிடம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். கர்த்தருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் அதில் ஒரு கஷ்டமும் இல்லை. தெரியாதவரிடம் சொல்வதுதான் கஷ்டம்.

போன மாதம் கம்பெனியிலிருந்து அந்தப் பெண் போன் செய்து 'ஃபைலில் காரணமே இல்லை' என்று சொன்ன பிறகு எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சாரின் இரண்டு பக்கத்தை வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். என் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலைத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று அங்கே போனில் சொன்னார்கள். இன்னொரு நகலை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேரையூர் பஸ் ஏறினேன். முத்தையாவுக்கு இப்போது மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை என்றும், ஞாயிறு மட்டும் ஊருக்கு வருவார் என்றும் விசாரித்து வைத்திருந்தேன். அப்பாவின் கல்லறைக்கு அந்த மார்க்கெட்டில்தான் வருஷா வருஷம் பூ வாங்குகிறேன். எத்தனை முறை அவரைத் தாண்டிப் போயிருப்பேனோ.

முடி முழுக்க நரைத்திருந்தது. ஒரு தோள் இறங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, பெட்டிக்கார அம்மா என்று சொன்ன பிறகு, "அடடே, வாங்க தாயி" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவர் மனைவி பேச்சியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் நின்றாள்.

நான் உட்காராமலேயே சொன்னேன். செய்தி பாதியில் வெட்டுப்பட்டது, வெட்டியது என் கணக்கு, சர்வர் உங்கள் போனுக்கு மணியே அடிக்கவில்லை. எல்லாவற்றையும், ஆபீசர் முன்னால் பேசாமல் இருந்தது வரைக்கும்.

"போனு அடிக்கலையா?" என்றார்.

"அடிக்கலண்ணே."

"மெசேஜ் வந்துச்சுன்னு தாளக் காட்டுனாகளே தாயி. நாலு வந்துருக்குன்னு. நீங்களே சொன்னீகன்னு."

"மதுரைக்குத்தான் வந்துச்சு. உங்களுக்கு வரல."

நாற்காலியைத் துடைத்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்படி இல்ல தாயி. பெரியாஸ்பத்திரியில காதப் பாத்தாக. காது நல்லாத்தேன் இருக்குன்னுட்டாரு டாக்டரு. அப்பறந்தேன் எனக்கே தெரிஞ்சுச்சு. கண்ணசந்துட்டேன்னு நானே எழுதிக் குடுத்தேன். அந்தப் பிள்ளையோட புருசன் கால்ல போயி விழுந்தேன். வருசா வருசம் போறேன்."

பேச்சியம்மா கதவை விட்டு முன்னால் வந்தாள். "இந்தாளு தூங்கலையா தாயி? தூங்கித்தேன் அந்தப் புள்ளயக் கொன்னுட்டாருன்னு, பதினோரு வருசமா நானும் நல்ல வார்த்தை ஒண்ணு பேசல. நெசமாத் தூங்கலையா?"

"தூங்கலம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. இதுல எழுதியிருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் தாளை வாங்கினாள். படிக்கத் தெரியாதவள், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீகளா? தூங்கலையாம். நீங்க தூங்கலையாம்."

முத்தையா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்கு மனசு நோகக் கூடாதே என்பது போல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல தாயி. தூங்குனேன். புளிய மரத்தடியில துண்ட விரிச்சு, கைய மடக்கித் தலைக்கு வச்சு... எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."